ஏர்பேக் லைட் அணையவே மாட்டேங்குதா? எதுக்கு அப்புறம் எதைப் பாக்கணும்னு முழு வழிகாட்டி

ரங்கூன்ல ஓடுற வண்டிங்க பெரும்பாலும் ஜப்பான்ல ஓடி முடிச்சு கப்பல்ல வந்ததுதான். ப்ரோபாக்ஸ், ஃபிட், விஷ், ஏடி வேன்னு எதை எடுத்தாலும் வயசானதுங்க, அதுல டேஷ்போர்டுல அந்த சிவப்பு ஏர்பேக் லைட்டு எரிஞ்சுக்கிட்டே ஓடுற வண்டி எவ்வளவோ இருக்கு. ஒண்ணு "வண்டி ஓடுதுல்ல, விடு"ன்னு விட்டுடுறாங்க, இல்லேன்னா நேரா போய் ஸ்டியரிங்கைக் கழட்ட ஆரம்பிச்சுடுறாங்க. ரெண்டும் வேண்டாம். இதுல வேலை ஒண்ணும் பெரிய கஷ்டம் இல்ல, வரிசைதான் முக்கியம், வரிசை மாறினா நல்லா இருக்கிற பொருளை மாத்தி காசு போகும், இல்ல கையில அடிபடும்.

லைட்டு எரியுதுன்னா பை எந்த நேரமும் வெடிச்சுடும்னு பயப்படுறவங்க உண்டு. பெரும்பாலும் அது தலைகீழ். ஏர்பேக் கம்ப்யூட்டர், அதாவது ஈசியூ, தன் சர்க்யூட்டைத் தானே சோதிச்சு எங்கயோ சரியில்லைன்னு சொல்லுது, அதனால மோதும்போது பை விரியாம போக வாய்ப்பு அதிகம். பை மட்டும் இல்ல, சீட் பெல்ட்டை டக்குனு இழுத்துப் பிடிக்கிற ப்ரீடென்ஷனரும் இதே ஈசியூவோட வேலைதான்.

1. லைட்டு எப்படி எரியுதுன்னு உக்காந்து பாருங்க

எதையும் தொடுறதுக்கு முன்னாடி சாவியை ஆன்ல வெச்சு, இஞ்சினை ஸ்டார்ட் பண்ணாம லைட்டைப் பாருங்க. டொயோட்டா, ஹோண்டால சுமார் 6 செகண்டு எரிஞ்சு அணையணும், நிசான்ல சுமார் 7 செகண்டு. இந்த நேரத்துல ஈசியூ தன்னைத்தானே சோதிக்குது.

அணையாம எரிஞ்சா, இல்ல நிசான் மாதிரி வண்டியில மினுக்கிக்கிட்டே இருந்தா, இப்பவே ஒரு தகராறு இருக்கு. அணைஞ்சுட்டு ஓட்டும்போது திரும்ப வந்தா எங்கயோ லூஸ் கனெக்‌ஷன். ஸ்டியரிங்கை முழுசா ஒடிக்கும்போது வருதா, சீட்டை முன்ன பின்ன தள்ளும்போது வருதா, குழியில இறங்கி ஏறும்போது வருதான்னு கவனிச்சு ஒரு பேப்பர்ல எழுதிக்குங்க, பாதி வேலை அதுலயே முடிஞ்சுடும். வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போறதா இருந்தாலும் "லைட்டு எரியுது அண்ணே"ன்னு மட்டும் சொல்றதுக்கும் "இடப்பக்கம் முழுசா ஒடிச்சா எரியுது"ன்னு சொல்றதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு.

லைட்டு வரவே இல்லைன்னா? அதுதான் ரொம்ப மோசம். அதைப் பத்தி கடைசியில சொல்றேன்.

2. பேட்டரியை முதல்ல பாருங்க, கோடு (code) அப்புறம்

புதுசா பழகுறவங்க எல்லாரும் தாண்டிப் போற இடம் இது. வோல்டேஜ் கீழ போனா ஏர்பேக் ஈசியூ லைட்டைப் போடும். டொயோட்டால இதுல ஒரு வேடிக்கை இருக்கு, வோல்டேஜ் குறைஞ்சதுக்கு மெமரில கோடு, அதாவது தகராறு எங்கன்னு சொல்ற நம்பர், எதுவும் பதியாது, கோடு படிச்சா எல்லாம் நார்மல்னு காட்டும், ஆனா லைட்டு எரியும். வோல்டேஜ் சரியானதும் தானா அணைஞ்சுடும். இது தெரியாம ஈசியூ போயிருச்சுன்னு முடிவு கட்டி பழைய ஸ்பேர் கடையில இன்னொரு ஈசியூ வாங்கி மாட்டினவங்க இருக்காங்க.

மல்டிமீட்டரை பேட்டரி மேல வெச்சுப் பாருங்க. வண்டி நின்னு ரொம்ப நேரம் ஆனப்புறம் 12.4க்கு மேல இருக்கணும், முழு சார்ஜ்ல சுமார் 12.6 வோல்ட். இஞ்சின் ஓடும்போது சாதாரணமா 13.8ல இருந்து 14.4க்குள்ள. ஸ்டார்ட் பண்ணும்போது ரொம்பக் கீழ விழுந்தா பேட்டரி மாத்துங்க, இல்ல டெர்மினலைச் சுரண்டி டைட் பண்ணுங்க. அதுக்கப்புறமும் லைட்டு இருந்தாதான் கீழ சொல்ற வேலை. ஃபியூஸ் பாக்ஸ்ல எஸ்ஆர்எஸ் (SRS, ஏர்பேக் சிஸ்டத்தோட பேரு) இல்ல ஏ/பின்னு (A/B) போட்ட ஃபியூஸையும் இப்பவே பாத்துடுங்க.

3. சமீபத்துல வண்டியில யார் கை வெச்சாங்க?

இந்தக் கேள்விக்கு பதில் கிடைச்சா கோடு படிக்காமலே இடம் தெரிஞ்சுடும்.

திஞ்சான், அதாவது பர்மா புத்தாண்டு தண்ணித் திருவிழா, முடிஞ்சு ஒரு வாரத்துக்குள்ள வந்த லைட்டுன்னா பெரும்பாலும் சீட்டுக்கு அடியில இருக்கிற கனெக்டர்ல தண்ணி. ஏப்ரல்ல ஜன்னலை இறக்கிட்டு ஊர்வலம் போன வண்டிக்குள்ள பைப் வெச்சு அடிச்ச தண்ணி எங்க போகும், சீட்டு வழியா இறங்கி கார்பெட்ல ஊறி அங்கயே நிக்கும். மழைக்காலத்துல வெள்ளத்துக்குள்ள ஓட்டினதும் இதே கதைதான், ஆனா அப்ப தண்ணி கீழ இருந்து வரும், கன்சோலுக்கு அடியில இருக்கிற ஈசியூ வரைக்கும் போயிருக்கலாம்.

புது சீட் கவர் போட்டாங்கன்னா, சீட்டைக் கழட்டி கனெக்டரைத் திரும்ப சரியா மாட்டியிருக்க மாட்டாங்க. ஸ்டியரிங் ரேக் வேலை பாத்தாங்கன்னா, ஸ்டியரிங் வீலை லாக் பண்ணாம ஸ்டியரிங் காலமைக் (column) கழட்டி, வீலுக்குள்ள சுருண்டு இருக்கிற ஸ்பைரல் கேபிளை அறுத்திருப்பாங்க. புது ஸ்டீரியோ மாட்டினா சென்டர் கன்சோலுக்குப் பின்னாடி ஏர்பேக்கோட மஞ்சள் கனெக்டரை இழுத்திருப்பாங்க. பேட்டரி மாத்தின உடனே வந்துச்சுன்னா, யாராச்சும் இடையில ஒரு ஏர்பேக் கனெக்டரைக் கழட்டி வெச்சுட்டு சாவியை ஆன் பண்ணாங்களான்னு கேளுங்க. அப்படி ஒரு தடவை ஆன் பண்ணாலே கோடு பதிஞ்சுடும், கனெக்டரைத் திரும்ப மாட்டினாலும் சில வண்டியில அழிச்சாதான் லைட்டு போகும்.

4. கையில என்னென்ன இருக்கணும்

மல்டிமீட்டர், டி30 டார்க்ஸ் பிட் (பழைய டொயோட்டா, ஹோண்டால ஸ்டியரிங் பை பெரும்பாலும் இதுலதான் நிக்கும்), 10ம் நம்பர் ஸ்பேனர், நல்ல டார்ச் லைட்டு, கான்டாக்ட் க்ளீனர் ஸ்ப்ரே, 2 ஓம் ரெசிஸ்டர் ரெண்டு மூணு. ரெசிஸ்டரை எலக்ட்ரானிக்ஸ் கடையில சில்லறைக் காசுக்கு வாங்கலாம். அது எதுக்குன்னு 9ம் பகுதியில வரும்.

அப்புறம் எஸ்ஆர்எஸ் படிக்கிற ஸ்கேனர். போன்ல புளூடூத் போட்டு பாக்குற சின்ன ஈஎல்எம்327 அடாப்டர் பெரும்பாலும் இஞ்சின் கோடு மட்டும்தான் படிக்கும். அதுல "கோடு இல்ல"ன்னு வந்தா ஏர்பேக்ல தகராறு இல்லைன்னு அர்த்தம் இல்ல, அது ஏர்பேக் பக்கம் எட்டியே பாக்கலைன்னு அர்த்தம். ஜப்பான் உள்நாட்டு வண்டி பலதுல அது இஞ்சினோடயே பேசாது.

கையில வெச்சுக்கக் கூடாத ஒண்ணு: டெஸ்ட் லேம்ப். பல்பு போட்ட அந்தக் குச்சியை மஞ்சள் வயர்ல வெச்சுப் பாக்குற பழக்கம் இருந்தா வண்டியை வேற ஆள்கிட்ட கொடுத்துடுங்க. பைக்குள்ள இருக்கிற ஸ்க்விப், அதாவது பத்த வைக்கிற திரி, கொஞ்சம் கரண்டுக்கே பத்திக்கும்.

5. கோடு படிக்கிறது

ஸ்கேனர் இருந்தா எஸ்ஆர்எஸ் பகுதிக்குப் போய் படிங்க, எல்லாத்தையும் போட்டோ எடுத்துக்குங்க, அழிக்காதீங்க. முதல் வேலையா அழிச்சுட்டு "இப்ப எது திரும்ப வருதுன்னு பாப்போம்"னு சொல்றவங்களுக்கு, விட்டு விட்டு வர்ற தகராறு ஒரு வாரத்துக்கு வராம போச்சுன்னா கையில ஒண்ணும் இருக்காது. இப்ப இருக்கிறது, முன்னாடி வந்து போனதுன்னு ஸ்கேனர் பிரிச்சுக் காட்டினா அதையும் எழுதுங்க.

ஸ்கேனர் இல்லாம பழைய டொயோட்டால படிக்கலாம். ஸ்டியரிங்குக்குக் கீழ இருக்கிற 16 பின் சாக்கெட்ல 4ம் பின்னையும் 13ம் பின்னையும் ஒரு சின்ன வயரால இணைச்சுட்டு சாவியை ஆன்ல வைங்க, டேஷ்போர்டுல இருக்கிற லைட்டுங்க மினுக்க ஆரம்பிக்கும், நீங்க ஏர்பேக் லைட்டை மட்டும் பாருங்க. ஒரே சீரா வேகமா, செகண்டுக்கு ரெண்டு தடவை மினுக்கினா கோடு எதுவும் இல்ல. ஒரு தடவை மினுக்கி, கொஞ்சம் நின்னு, நாலு தடவை மினுக்கினா 14. ரெண்டு மூணு கோடு இருந்தா ஒண்ணு முடிஞ்சு கொஞ்சம் கூடுதலா நின்னு அடுத்தது வரும், கடைசியில நீளமா நின்னுட்டு மறுபடி முதல்ல இருந்து வரும். ஒரு சுத்து பாத்துட்டு எழுதாதீங்க, மூணு சுத்து பாருங்க.

பின்னை எண்ணும்போது நிதானம் வேணும். 16ம் பின் நேரா பேட்டரி கரண்டு, அதை 4ம் பின்னோட இணைச்சுட்டா ஃபியூஸ் போகும். சாக்கெட் கொஞ்சம் அகலமான பக்கத்து வரிசையில 1ல இருந்து 8, குறுகின பக்கம் 9ல இருந்து 16. தலைகீழா குனிஞ்சு பாக்கும்போது இடம் வலம் மாறிடும், அதனால போன்ல போட்டோ எடுத்து அதுல எண்ணுங்க.

நிசான்ல சாவியாலயே படிக்கலாம். ஆன் பண்ணி, 7 செகண்டு கழிச்சு லைட்டு அணைஞ்ச ஒரு செகண்டுக்குள்ள ஆஃப் பண்ணி, மூணு செகண்டுக்கு மேல விட்டு, இப்படி மூணு தடவை பண்ணிட்டு நாலாவது தடவை ஆன் பண்ணா மினுக்கல் வரும். ஹோண்டா ஃபிட்டுக்கு ஸ்கேனர்தான் நல்லது.

6. கோடு என்ன சொல்லுது, என்ன சொல்லல

பழைய டொயோட்டால அடிக்கடி வர்றதுங்களைச் சொல்றேன். 11ல இருந்து 14 வரைக்கும் டிரைவர் பை சர்க்யூட், அதுல 13 ஷார்ட் (ரெண்டு வயர் ஒண்ணோட ஒண்ணு சேந்தது), 14 ஓப்பன் (வழி அறுந்தது). ஸ்கேனர்ல 13க்கு B0100, 14க்கு B0101ன்னு வரும். 53, 54 பக்கத்து சீட்டுக்காரர் பை. 63, 64 வலப்பக்க ப்ரீடென்ஷனர், 73, 74 இடப்பக்கம். 31 வந்தா ஈசியூ. புது மாடல்ங்கள்ல இந்த நம்பர் மாறும், அதனால உங்க மாடல் மேனுவல்ல ஒரு தடவை சரி பாருங்க.

இங்க நம்ம ஊருக்குன்னே ஒரு குழப்பம். பர்மாவில 1970ல இருந்து ரோட்டோட வலப்பக்கம் ஓட்டுறோம், ஆனா கையில இருக்கிறது வலப்பக்க ஸ்டியரிங் ஜப்பான் வண்டி. அமெரிக்க மேனுவலைப் பாத்து "வலது ப்ரீடென்ஷனர், அப்ப பாசஞ்சர் பக்கம்"னு போய் இடப்பக்க சீட்டைக் கழட்டிட்டு உக்காந்திருக்கிறதைப் பாத்திருக்கேன். நம்ம ப்ரோபாக்ஸ்ல வலதுன்னா டிரைவர். கோடுல வலது இடது போட்டிருந்தா வண்டிக்குள்ள முன்னாடி பாத்து உக்காந்தா எது வலதோ அதுதான்.

கோடு சர்க்யூட்டைத்தான் சொல்லும், பொருளைச் சொல்லாது. 14ன்னா "டிரைவர் பையை மாத்து"ன்னு அர்த்தம் இல்ல. ஈசியூல இருந்து வயர், மஞ்சள் கனெக்டர், ஸ்பைரல் கேபிள், இன்னொரு கனெக்டர், பை, இந்த முழு வழியில எங்கயோ அறுந்திருக்குன்னு அர்த்தம். பை கெட்டுப்போறது அபூர்வம். கனெக்டரும் ஸ்பைரல் கேபிளும்தான் கெடும்.

7. கரண்டை எடுங்க, காத்திருங்க

இனிமே கை வைக்கிற வேலை. சாவியை ஆஃப் பண்ணி வெளிய எடுங்க, பேட்டரி நெகடிவைக் கழட்டி டெர்மினல்ல படாத மாதிரி துணி சுத்தி ஒதுக்கி வைங்க. அப்புறம் காத்திருங்க. மோதல்ல பேட்டரி வயர் அறுந்தாலும் பை விரியணுங்கிறதுக்காக ஈசியூவுக்குள்ள கெப்பாசிட்டர்ல கரண்டு சேத்து வெச்சிருக்கும், அது இறங்கணும். டொயோட்டா 90 செகண்டுங்குது, ஹோண்டா, நிசான் 3 நிமிஷம். நான் யார்கிட்டயும் 10 நிமிஷம்னுதான் சொல்றது, ஒரு லபேயே (பர்மா டீ) குடிச்சுட்டு வந்தா சரியா இருக்கும்.

கழட்டுறதுக்கு முன்னாடி ஸ்டீரியோவுக்கு பூட்டுத் திறக்கிற ரகசிய நம்பர் இருக்கான்னு தெரிஞ்சுக்குங்க, சில ஜப்பான் நேவிகேஷன் பேட்டரி போனா பூட்டிக்கும்.

8. சீட்டுக்கு அடியில இருந்து ஆரம்பிங்க

கோடு சீட் பக்கம் காட்டினாலும் சரி, என்னன்னு புரியலைன்னாலும் சரி, சுலபமான இடத்துல இருந்து போங்க. சீட்டை முழுசா பின்னாடி தள்ளி முன்னாடி இருந்து பாருங்க, அப்புறம் முன்னாடி தள்ளி பின்னாடி இருந்து. மஞ்சள் கனெக்டர், இல்ல மஞ்சள் ட்யூப்ல போற வயர், அதுதான் ஏர்பேக் சம்பந்தப்பட்டது. டாக்ஸி வண்டியில பாசஞ்சர் சீட்டுக்கு அடியில குடை, தண்ணி பாட்டில், வெத்தலைப் பொட்டலம்னு எல்லாம் தள்ளி வெச்சு வயரை இழுத்து வெச்சிருப்பாங்க.

கனெக்டரைக் கழட்டும்போது ரெண்டாவது லாக் ஒண்ணு இருக்கும், அதை முதல்ல விடுவிக்கணும். இழுத்துப் பிய்ச்சா லாக் உடைஞ்சுடும், அப்புறம் அது எப்பவுமே லூஸ்தான். உள்ள பச்சை பூத்திருந்தா, ஈரம் இருந்தா கான்டாக்ட் க்ளீனர் அடிச்சு நல்லா காய விடுங்க. உப்புத் தாள் வெச்சு தேய்க்காதீங்க, இந்த டெர்மினலுக்கு மேல தங்கப் பூச்சு இருக்கும், அது போச்சுன்னா ரெண்டு மாசத்துல மறுபடி லைட்டு வரும். கிரீஸும் வேண்டாம். பச்சை ரொம்ப ஏறி பின் அரிச்சிருந்தா அந்தக் கனெக்டரை வயரோட மாத்துறதுதான் வழி.

கார்பெட்டை கையால அழுத்திப் பாருங்க. மேல காஞ்சிருக்கும், அடியில இருக்கிற பஞ்சு பிழிஞ்சா தண்ணி வரும். அதைக் காய வைக்காம கனெக்டரை மட்டும் துடைச்சா வேலை வீண்.

திரும்ப மாட்டும்போது "க்ளிக்"னு சத்தம் வரணும், ரெண்டாவது லாக்கும் உள்ள போகணும். இந்தக் கனெக்டருங்களுக்குள்ள ஒரு ஷார்ட்டிங் பார் இருக்கும், சின்ன தகடு. கனெக்டர் கழண்டா அது பை பக்கத்து ரெண்டு பின்னையும் தானா இணைச்சுடும், தெரியாத்தனமா கரண்டு போய் பை விரியாம இருக்கத்தான் இந்த ஏற்பாடு. முழுசா மாட்டினாதான் அந்தத் தகடு விலகும். பாதி மாட்டினா பின் தொடும், தகடும் தொடும், ஈசியூவுக்கு ஷார்ட்னு தெரியும். வயர் எங்க உரசுதுன்னு நாள் முழுக்க தேடுவாங்க, கடைசியில கனெக்டரை இன்னும் கொஞ்சம் அமுக்கினா போதும்னு இருக்கும்.

9. ஸ்டியரிங் பக்கம்: ஸ்பைரல் கேபிள்

டிரைவர் பை கோடு வந்து, கூடவே ஹாரன் அடிக்கலைன்னா, இல்ல ஸ்டியரிங்ல இருக்கிற பட்டன் வேலை செய்யலைன்னா, பெரும்பாலும் ஸ்பைரல் கேபிள்தான். வீல் சுத்தும்போது வயர் அறாம இருக்க, பழைய கடிகார ஸ்ப்ரிங் மாதிரி சுருட்டி வெச்ச பட்டை வயர் அது. வருஷக்கணக்கா ஒடிச்சு ஒடிச்சு ஒரு இடத்துல விரிசல் விடும்.

கையில மல்டிமீட்டர் இருக்குன்னு பையோட ரெண்டு பின்ல ஓம் வெச்சு அளக்காதீங்க. மீட்டர் அளக்கிறதுக்கு அதுவே கொஞ்சம் கரண்டு விடும், அது திரிக்குள்ள போகும். எத்தனை பேர் "நான் அளந்தேன், ஒண்ணும் ஆகல"ன்னு சொன்னாலும் சரி, மூஞ்சிக்கு நேரா பையை வெச்சுக்கிட்டு பண்ற வேலை இல்ல இது. அதுக்குத்தான் 2 ஓம் ரெசிஸ்டர். நல்ல பையும் சுமார் 2 ஓம் காட்டும், அதனால பை இருக்க வேண்டிய இடத்துல ரெசிஸ்டரை வெச்சா ஈசியூ பை இருக்குன்னு நம்பும்.

வரிசை இப்படி. வீலை நேரா வெச்சு, பேட்டரி கழட்டி காத்திருந்த அப்புறம், வீலுக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் இருக்கிற மூடியை எடுத்து டி30 ஸ்க்ரூவை லூஸ் பண்ணுங்க, பை முன்னாடி வரும், கனெக்டரைக் கழட்டுங்க. பையை எடுத்துட்டுப் போகும்போது மூடி உங்க உடம்பைப் பாக்காம வெளிய பாத்த மாதிரி பிடிங்க, வைக்கும்போது மூடி மேல பாத்து வைங்க. கவுத்து வெச்சா, தப்பித்தவறி விரிஞ்சா அந்த இரும்பு மேல பறக்கும். வெயில்ல, வெல்டிங் நடக்கிற இடத்துக்குப் பக்கத்துல வைக்காதீங்க.

இப்ப வீல் பக்கத்து கனெக்டர்ல ரெசிஸ்டரை மாட்டுங்க, பேட்டரியை இணைங்க, வண்டிக்குள்ள யாரும் உக்காராம வெளிய நின்னு கை நீட்டி சாவியை ஆன் பண்ணுங்க. கோடை அழிச்சுட்டு திரும்பப் படிங்க. கோடு வரலைன்னா வயரும் ஸ்பைரல் கேபிளும் சரி, தகராறு பையிலயோ அதோட கனெக்டர்லயோ. கோடு வந்தா, திரும்ப பேட்டரியைக் கழட்டி காத்திருந்து, ரெசிஸ்டரை ஸ்டியரிங் காலமுக்கு அடியில இருக்கிற மஞ்சள் கனெக்டர்ல, ஈசியூவுல இருந்து வர்ற பக்கம் மாட்டிப் பாருங்க. அங்க கோடு போயிருச்சுன்னா நடுவுல இருக்கிற ஸ்பைரல் கேபிள்தான் ஆள். அங்கயும் கோடு இருந்தா ஈசியூ வரைக்கும் போற வயர், இல்ல ஈசியூவே.

ஸ்பைரல் கேபிளை உறுதிப்படுத்தணும்னா ரெண்டு பக்கமும் கழட்டின நிலையில மீட்டர் வெச்சு அளக்கலாம், இப்ப பை அதுல இல்ல, பயம் இல்ல. இந்த முனையில இருந்து அந்த முனைக்கு ஒவ்வொரு வயரா பாத்துக்கிட்டே மெதுவா சுத்துங்க. ஒரு ஓமுக்குக் கீழ ஆடாம நிக்கணும், சுத்தும்போது குதிச்சா முடிஞ்சுது. ஈசியூ பக்கம் கழட்டி ஹார்னஸை, அதாவது வயர் கட்டை, அளக்கிறவங்க ஷார்ட்டிங் பாரை மறந்துடாதீங்க, அங்க அளந்தா நல்ல வயரும் ஷார்ட்னு காட்டும். மெலிசான பிளாஸ்டிக் துண்டை விட்டு தகடை விலக்கிட்டு அளங்க.

புது ஸ்பைரல் கேபிள் மாட்டும்போது நடு பாக்கிறதுதான் உயிர். முன் சக்கரம் நேரா இருக்கணும். கேபிளை இடப்பக்கமா கையால மெதுவா, இறுகுற வரைக்கும் சுத்துங்க, அப்புறம் வலப்பக்கமா சுமார் ரெண்டரை சுத்து வந்து சிவப்பு அடையாளம் ரெண்டும் நேருக்கு நேர் வரணும், இது டொயோட்டா கணக்கு. நடு பாக்காம மாட்டினா முதல் யூ டர்ன்லயே அறுந்துடும், அன்னைக்கே லைட்டு வரும். மலிவா கிடைக்கிற டூப்ளிகேட்டை விட, ஓடின வண்டியில இருந்து எடுத்த ஒரிஜினல் பழசே மேல்னு நான் நினைக்கிறேன், ஆனா அதை அளந்து பாத்துட்டு வாங்குங்க.

வயர் அறுந்த இடத்தை முறுக்கி கறுப்பு டேப் சுத்துறது இந்த சர்க்யூட்ல செல்லாது. ஓம் கொஞ்சம் கூடினாலும் ஈசியூ கண்டுபிடிச்சுடலாம், கண்டுபிடிக்கலைன்னா அது இன்னும் மோசம்.

10. ஈசியூ: கடைசி சந்தேகம்

கன்சோலுக்கு அடியில நடு டனல், அதாவது தரையோட நடு மேடு, மேல போல்ட் போட்டு இறுக்கியிருக்கும், மேல ஒரு அம்பு முன்னாடி காட்டும். மோதலை உணர்ற சென்சார் அதுக்குள்ளயே இருக்கிறதால, போல்ட்டை இறுக்காம பேட்டரியை இணைக்கவே கூடாது. கையில தூக்கி வெச்சுக்கிட்டு சாவியை ஆன் பண்றது விளையாட்டு இல்ல.

வெள்ளத்துல மூழ்கின வண்டின்னா கனெக்டரைக் கழட்டி உள்ள பாருங்க. பச்சை, வெள்ளைப் பொடி, சேத்துக் கறை இருந்தா அந்த ஈசியூவைக் காய வெச்சு திரும்பப் போடாதீங்க, இன்னைக்கு லைட்டு அணைஞ்சாலும் அது நம்புற பொருள் இல்ல. ஏற்கனவே பை விரிஞ்ச வண்டின்னா ஈசியூவுக்குள்ள மோதல் பதிவு நிக்கும், சாதாரண ஸ்கேனர்ல அழியாது, ஈசியூவை மாத்தச் சொல்லித்தான் கம்பெனி மேனுவல் சொல்லுது. மாத்தும்போது பார்ட் நம்பர் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும். பை எத்தனை, ப்ரீடென்ஷனர் எத்தனைங்கிற கணக்கு மாறினா வேற கோடு வந்து நிக்கும்.

11. மூடி, அழிச்சு, ஓட்டிப் பாக்கிறது

ரெசிஸ்டர் எல்லாத்தையும் கழட்டிட்டீங்களா, எண்ணிப் பாருங்க. ஒண்ணை உள்ள மறந்துட்டா லைட்டு அழகா அணையும், பை வேலை செய்யாது.

ஒவ்வொரு கனெக்டரையும் மாட்டி, கடைசியா பேட்டரி, வெளிய நின்னு சாவி. ஸ்கேனர்ல அழிங்க. ஹோண்டால ஸ்கேனர் இல்லேன்னா எம்ஈஎஸ்னு ஒரு சின்ன மஞ்சள் ரெண்டு பின் கனெக்டர் இருக்கும், அதை ஷார்ட் பண்ணிட்டு சாவியை ஆன் பண்ணணும். 6 செகண்டு எரிஞ்சு அணைஞ்சதும் நாலு செகண்டுக்குள்ள எடுக்கணும், திரும்ப எரிஞ்சதும் நாலு செகண்டுக்குள்ள மாட்டணும், அணைஞ்சதும் மறுபடி எடுக்கணும். லைட்டு ரெண்டு தடவை மினுக்கினா அழிஞ்சுது. நேரம் தப்பினா முதல்ல இருந்து.

அப்புறம் 1ம் பகுதியில எழுதின பேப்பரை எடுங்க. எந்த நேரத்துல லைட்டு வந்துச்சோ அதையே பண்ணிப் பாருங்க: வீலை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிங்க, சீட்டைத் தள்ளுங்க, குழி ரோட்டுல ஓட்டுங்க. வொர்க்‌ஷாப் வாசல்ல லைட்டு அணைஞ்சதை மட்டும் பாத்துட்டு காசு கொடுக்காதீங்க.

12. லைட்டு எரியாத வண்டியையும் பாருங்க

பழைய வண்டி வாங்கப் போறவங்களுக்கு இது. சாவியை ஆன்ல வெச்சதும் ஏர்பேக் லைட்டு வரவே இல்லைன்னா பல்பு போயிருக்கலாம், இல்ல யாரோ பல்பை எடுத்திருக்கலாம். ஆயில் லைட்டோ பேட்டரி லைட்டோ அணையும்போது அதே நொடியில ஏர்பேக் லைட்டும் அணைஞ்சா, ரெண்டையும் ஒரே வயர்ல கட்டியிருக்காங்க. இஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமலே ஏர்பேக் லைட்டு 6, 7 செகண்டுல தானா அணையணும், ஆயில் லைட்டு அணையாம நிக்கணும், இந்த வித்தியாசத்தைப் பாத்தாலே தெரிஞ்சுடும். பாசஞ்சர் பக்கம் டேஷ்போர்டுல ஏர்பேக் மூடியோட ஓரம், நிறம், சொரசொரப்பு மத்த இடத்தோட ஒத்துப்போகுதான்னு விரலால தடவிப் பாருங்க. விரிஞ்ச பையை எடுத்துட்டு டேஷ்போர்டை ஒட்டி பெயின்ட் அடிச்சு, உள்ள ரெசிஸ்டர் வெச்சு விக்கிறது நடக்குது.

இன்னொண்ணு, இது லைட்டே காட்டாதது. டகாடா கம்பெனி செஞ்ச இன்ஃப்ளேட்டர், பைக்கு காத்து கொடுக்கிற உலோகக் குடுவை, அதுல அம்மோனியம் நைட்ரேட் மருந்து. ஈரக் காத்தும் சூடும் வருஷக்கணக்கா பட்டு அந்த மருந்து கெட்டு, விரியும்போது தேவைக்கு மேல வெடிச்சு குடுவையே சிதறி இரும்புத் துண்டு ஆள் மேல பாயும். உலகம் பூரா கோடிக்கணக்கான வண்டியைத் திரும்பக் கூப்பிட்டாங்க, முதல் தலைமுறை ஃபிட் உட்பட. நம்ம ரங்கூன் மாதிரி புழுக்கமான ஊர்தான் அதுக்கு ரொம்ப ஆகாத ஊர். திரியும் வயரும் நல்லா இருக்கிறதால ஈசியூவுக்கு ஒண்ணும் தெரியாது, லைட்டு வராது, ஸ்கேனரும் சுத்தம்னு சொல்லும்.

ஜப்பான் உள்நாட்டு வண்டியில 17 எழுத்து நம்பர் இருக்காது, மாடல் எழுத்து, நடுவுல ஒரு சின்ன கோடு (-), அப்புறம் எண்கள்னு ஃப்ரேம் நம்பர்தான் இருக்கும், இஞ்சின் ரூம் ஃபயர்வால்ல (இஞ்சினுக்கும் ஆள் உக்காரும் இடத்துக்கும் நடுவுல இருக்கிற தகடு) இல்ல கதவு ஓரத் தகட்டுல பாருங்க. அந்தந்த கம்பெனியோட ஜப்பான் இணையதளத்துல ரீகால் தேடுற பக்கத்துல அந்த நம்பரைப் போடுங்க, ஜப்பானிய எழுத்தை போன் கேமராவே மொழிபெயர்த்துடும். ஏர்பேக் ரீகால் பாக்கின்னு வந்தா, அந்தப் பையைக் கழட்டிப் பாக்க நினைக்காதீங்க. இங்க இருக்கிற அந்த கம்பெனி டீலர்கிட்ட ஃப்ரேம் நம்பரோட போய் மாத்த வழி இருக்கான்னு கேளுங்க, அது வரைக்கும் அந்தப் பைக்கு முன்னாடி சீட்டுல ஆள் ஏத்தாதீங்க. பழைய ஸ்பேர் கடையில பை வாங்குறதா இருந்தாலும் இதே கணக்குதான், எந்த வண்டியில இருந்து கழட்டினதுன்னு ஃப்ரேம் நம்பரைக் கேளுங்க, சொல்லத் தெரியலைன்னா வாங்காதீங்க.